வயதான பாட்டியின் சாவுக்கு இவ்வளவு வருந்துவது தவறா? உங்கள் பாட்டியை நீங்கள் எப்படி நினைவில் வைத்திருக்கிறீர்கள்?

தவறே இல்லை. ‘வயசானவங்கதானே, நல்லா வாழ்ந்துட்டுப் போயிட்டாங்க’ என்று யாரோ உங்களிடம் சொல்லியிருப்பார்கள். இல்லையென்றால் ‘தவறா’ என்று கேட்கத் தோன்றியிருக்காது. என்னிடமும் சொன்னார்கள். கல்யாணச் சாவு, அழக்கூடாது என்றார்கள். அந்தக் கோபம் எனக்கு இன்னும் தீரவில்லை.

எனக்கு ஊர் கோவில்பட்டிப் பக்கம் ஒரு கரிசல் கிராமம். அம்மா விடியுமுன் தீப்பெட்டி ஆபீஸ் வண்டியில் ஏறினால் இருட்டிய பிறகுதான் வரும். என்னைக் குளிப்பாட்டி, தலை பின்னி, பள்ளிக்கூடம் அனுப்பியதெல்லாம் ஆச்சிதான். அப்பாவைப் பெற்ற ஆச்சி. திண்ணையில் உட்கார்ந்து பெட்டி ஒட்டும். பசைக் கிண்ணம் ஒரு பக்கம், அட்டைக் கட்டு ஒரு பக்கம். ஒரு குரோஸ் என்றால் 144 பெட்டி. எனக்கு எண்ணிக்கை படிந்ததே அந்தத் திண்ணையில்தான், பள்ளிக்கூடத்தில் இல்லை. 2021 டிசம்பரில் தீப்பெட்டி விலை ஒரு ரூபாயிலிருந்து இரண்டு ரூபாய் ஆனதைச் சொன்னபோது ஆச்சி கேட்டது ஒரே கேள்விதான்: “ஒட்டுறவளுக்கு என்ன ஏத்துனாகளாம்?”

ஆச்சிக்கு என்ன வயது என்று யாருக்கும் சரியாகத் தெரியாது. ஆதாரில் 01.01.1940 என்று இருக்கிறது. தேதி தெரியாத ஊர்க் கிழவிகளுக்கெல்லாம் அந்த ஜனவரி ஒன்றுதான். ஆனால் 1947இல் எட்டயபுரத்தில் பாரதி மணிமண்டபத்தை ராஜாஜி திறந்துவைத்தபோது, கைப்பிள்ளைத் தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு வண்டிப்பாதை வழியே நடந்து போனதாக ஆச்சி சொல்லும். ஏழு வயதுப் பிள்ளை அவ்வளவு தூரம் ஒரு குழந்தையைச் சுமக்குமா? ஒன்பது பத்தாவது இருந்திருக்க வேண்டும். “ராஜாஜியப் பாத்தியா ஆச்சி?” என்று கேட்டால், “அந்தக் கூட்டத்துல யாரு மூஞ்சி தெரிஞ்சிச்சு தாயி, தம்பி அழுவான்னு மரத்தடியிலயே உக்காந்துட்டேன்” என்று சொல்லும். மற்றவர்கள் பார்க்கப் போன இடத்திலும் ஆச்சிக்குப் பிள்ளை பார்க்கிற வேலைதான் இருந்திருக்கிறது. கடைசிவரை அப்படித்தான்.

ஆதார் என்றதும் இதையும் சொல்லிவிடுகிறேன், கேள்விக்குச் சம்பந்தமில்லை என்று நினைப்பவர்கள் மன்னிக்கவும். அட்டையும் பசையுமாகத் தேய்த்துத் தேய்த்து ஆச்சியின் விரல்களில் ரேகை மழுங்கிவிட்டது. முதியோர் பணம் வாங்கப் போனால் மிஷினில் ரேகை விழாது. விரலைத் துடைத்து வை, வேறு விரலை வை, நாளைக்கு வா. வெயிலில் உட்கார்ந்துவிட்டு வெறுங்கையோடு திரும்பும். 2023இல் அரசு அந்தப் பணத்தை 1,000 ரூபாயிலிருந்து 1,200 ஆக்கியது, நல்ல காரியம்தான், மறுக்கவில்லை. ஆனால் அறுபது வருஷம் உழைத்ததால் அழிந்த ரேகையைக் காட்டி, ‘நீ நீதானா’ என்று ஒரு கிழவியை மாதாமாதம் கேட்பது என்ன நியாயம்? ரேகை விழாதவர்களுக்கு மாற்று வழி உண்டு என்பார்கள். அந்த வழியைக் கிராமத்துக் கிழவிக்கு உட்காரவைத்துச் சொன்னது யார்?

சரி, சாவுக்கு வருகிறேன். சென்னையில் வேலையில் இருந்தேன். தகவல் வந்ததும் விடுப்புக் கேட்டால், துக்க விடுப்பு உண்டு, ஆனால் அப்பா, அம்மா, கணவன், மனைவி, பிள்ளை, அவ்வளவுதான், பாட்டி அந்தப் பட்டியலில் இல்லை என்றார்கள். சொந்த விடுப்பை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். நிறுவனத்தின் பெயர் வேண்டாம். இது ஒரு நிறுவனத்தின் குறையும் இல்லை, பல இடங்களில் இந்தக் கதைதான்.

ஆனால் எங்கள் ஊர்ச் சடங்கில் பேரப்பிள்ளைகளுக்கு இடம் இருக்கிறது. நீர்மாலை எடுத்து வந்து, குளிப்பாட்டி, கோடி போட்டு, எல்லாரும் வாய்க்கரிசி போட்டபின், பாடையைத் தூக்குமுன் பேரன் பேத்திகள் கையில் நெய்ப்பந்தம் கொடுப்பார்கள். சின்னக் குச்சியில் துணி சுற்றி நெய்யில் நனைத்த பந்தம். அதைப் பிடித்துக்கொண்டு சுற்றி வர வேண்டும். மகனும் மகளும் இருந்தாலும் அந்த வெளிச்சத்தைப் பேரப்பிள்ளைதான் காட்ட வேண்டும். இவ்வளவு யோசித்து வைத்திருக்கிற ஊரில், பேத்தி அழுதால் மட்டும் ‘அதிகம்’ என்று எப்படிச் சொல்ல முடிகிறது?

அன்று எனக்கு இன்னொன்றும் தாங்கவில்லை. சுற்றுப்பட்டியில் எங்கே கேதம் என்றாலும் ஆச்சியைத் தேடி வருவார்கள். ஒப்பாரியில் ஆச்சி எடுத்துக்கொடுத்தால்தான் மற்றப் பெண்களுக்கு வாய் வரும். தன் தங்கச்சி செத்தபோது பாடியது எனக்கு நினைவிருக்கிறது:

“கரிசக் காட்டு ஓரத்துல கம்பு வெதச்ச மகராசி
கதிரறுக்க ஆளிருக்கு, கட்டிவைக்க நீ எங்க?”

பாடப் பாட, செத்தவளின் காடு, மாடு, பிறந்த வீடு, பட்ட கடன், கட்டாமல் போன சேலை எல்லாம் வந்துவிடும். ஆச்சிக்கு அப்படிப் பாட ஆளில்லை. கூடப் பாடியவர்கள் முந்திக்கொண்டார்கள், எங்கள் அம்மா வயதுக்காரிகளுக்கு ஒரு அடி இரண்டு அடிக்கு மேல் தெரியவில்லை. பந்தலில் ஸ்பீக்கர் கட்டி, பதிவுசெய்த ஒப்பாரி போட்டார்கள். அதில் வந்தது யாரோ ஒரு தாய். பெட்டி ஒட்டிய என் ஆச்சி அதில் இல்லை. ஸ்பீக்கர் வைப்பவர்களைக் குறை சொல்லவில்லை, அவர்களுக்கு அது பிழைப்பு. பழசெல்லாம் பொன் என்று சொல்லவும் வரவில்லை. எனக்கு அது ஆற்றாமை, அவ்வளவுதான்.

அதனால் நான் ஆச்சியை நினைவில் வைத்திருப்பது இப்படித்தான்: ஆச்சி பாடியதைத் தேடி எழுதுகிறேன். ஊருக்குப் போகும்போதெல்லாம், ஆச்சியோடு கேதத்துக்குப் போய்வந்த பெண்களில் மிச்சமிருப்பவர்களிடம் உட்கார்ந்து கேட்கிறேன். சும்மா பாடச் சொன்னால் வீட்டில் அபசகுனம் என்று பாட மாட்டார்கள். காட்டுக்குக் கூட்டிப்போய் வேப்பமரத்தடியில் உட்காரவைத்துக் கேட்க வேண்டும். அப்போதும் ஒன்றிரண்டு அடியிலேயே அழுதுவிடுவார்கள். அழட்டும் என்று விட்டுவிட்டு, போனில் பதிவு செய்து, வீட்டுக்கு வந்து நோட்டில் எழுதுகிறேன். உளுந்தங்களிக்கு ஆச்சி வைத்த பக்குவத்தையும் அத்தையிடம் கேட்டு அதே நோட்டில் எழுதியிருக்கிறேன். கருப்பட்டிப் பாகு எப்போது இறக்க வேண்டும், நல்லெண்ணெய் எந்த நேரத்தில் விட வேண்டும் என்பது அத்தைக்குக் கைப்பழக்கம், வாயால் சொல்லத் தெரியவில்லை. பக்கத்தில் நின்று கிண்டச் சொல்லித்தான் எழுத முடிந்தது.

உங்கள் பாட்டி என்ன வேலை செய்தார்கள், எந்த ஊர் என்று நீங்கள் எழுதவில்லை. அவர்களோடு சேர்ந்து வேலை பார்த்தவர்கள், கூடப் பிறந்தவர்கள் யாராவது இருந்தால் இந்தப் பொங்கல்வரை காத்திராமல் போய்ப் பாருங்கள். பேத்தி வந்திருக்கிறாள், பேரன் வந்திருக்கிறான் என்றால் அவர்களே பேச ஆரம்பித்துவிடுவார்கள். உங்களுக்குத் தெரியாத பாட்டி ஒருத்தி அவர்களிடம் இருப்பாள்.

பெண் பிள்ளைகள் நெய்ப்பந்தம் பிடிக்கலாமா என்று கருத்துப் பெட்டியில் கேட்பவர்களுக்கு: அன்றும் ஒருவர் கேட்டார். “வளத்தது அவளத்தான், அவ பிடிக்கட்டும்” என்று சொல்லி எங்கள் பெரியப்பாதான் முதல் பந்தத்தை என் கையில் கொடுத்தார்.