வாடகை தண்டமா? சென்னை வாசகர்களின் வீட்டுக் கேள்விகள்

இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே சொல்: "வாடகை தண்டம்." வங்கியில் வீட்டுக் கடன் மேஜையில் பல வருஷம் உட்கார்ந்தவன் என்பதால் இந்தச் சொல்லோடு எனக்குப் பழைய பகை உண்டு. முதல் கடிதத்திலேயே அதைத் தீர்த்துக்கொள்கிறேன்.

மேடவாக்கத்தில் 24,000 ரூபாய் வாடகைக்கு இருக்கிறோம். அதே தெருவில் ஒரு ஃபிளாட் 80 லட்சத்துக்கு மறுவிற்பனைக்கு வந்திருக்கிறது. "இருபது வருஷம் வாடகை கட்டினால் கடைசியில் கையில் என்ன மிஞ்சும்?" என்கிறார் மாமனார். நான், மனைவி இருவரும் ஐ.டி. வாங்கலாமா?

மாமனாரை உட்காரவைத்து இந்தக் கணக்கைக் காட்டுங்கள். 80 லட்சத்தில் வங்கி அதிகபட்சம் 64 லட்சம் தரும். மீதி 16 லட்சம் உங்கள் கைக்காசு. மறுவிற்பனைக்கு முத்திரைத் தீர்வை 7, பதிவுக் கட்டணம் 2, ஆக 9 சதவீதம். அது ஒரு 7 லட்சத்து 20 ஆயிரம். வங்கி வீட்டின் மதிப்பில் இதைச் சேர்க்காது. இதுவும் உங்கள் பையிலிருந்துதான்.

எட்டரை சதவீத வட்டி, இருபது வருஷம் என்று வைத்தால் தவணை மாதம் 55,500 வரும். முதல் தவணையில் அசலுக்குப் போவது பத்தாயிரம் சொச்சம். மீதி 45,000 வட்டி. 24,000 தண்டம் என்றால் இதற்கு என்ன பெயர்? கைக்காசு 23 லட்சம் 7 சதவீத டெபாசிட்டில் கிடந்திருந்தால் மாதம் 13,500 வந்திருக்கும், அதுவும் போச்சு. மெயின்டனன்ஸ், சொத்து வரிக்கு 3,500 போடுங்கள். திரும்பி வராத பணம், சொந்த வீட்டில் மாதம் 62,000. வாடகை வீட்டில் 24,000. இந்த வித்தியாசத்தை ஈடுகட்ட ஃபிளாட்டின் விலை வருஷத்துக்குக் கிட்டத்தட்ட 6 சதவீதம் ஏறியாக வேண்டும்.

மாமனார் பக்கத்திலும் நியாயம் இருக்கிறது. வட்டி வருஷா வருஷம் தேயும், வாடகை ஏறும். பத்துப் பன்னிரண்டு வருஷத்தில் தராசு மெல்ல அவர் பக்கம் சாயும். அதுவரை அங்கேயே இருப்பீர்களா என்பதுதான் கேள்வி. இன்று பெருங்குடியில் ஆபீஸ், நாளை போரூர், மறுநாள் பெங்களூரு என்றால் இருந்த இடத்திலேயே இருங்கள். மூன்று வருஷத்தில் விற்க நேர்ந்தால் பதிவுக்குப் போட்டது திரும்பாது. பிள்ளையைப் பள்ளியில் சேர்த்தாகிவிட்டது, பெற்றோரும் பக்கத்துத் தெருவில் என்றால் பேரம் பேசிப் பாருங்கள்.

வீட்டுக் கடன் எடுத்தால் வருமான வரி மிச்சமாகும் என்று நண்பர்கள் சொல்கிறார்கள்.

நீங்கள் புதிய வரி முறையில் இருந்தால், குடியிருக்கும் வீட்டின் வட்டிக்கு ஒரு ரூபாய்கூடக் கழிக்க முடியாது. பழைய முறையில் வருஷத்துக்கு 2 லட்சம் வரை உண்டு, ஆனால் அங்கே வாடகைக்கும் ஹெச்.ஆர்.ஏ. (சம்பளத்தில் வரும் வீட்டு வாடகைப் படி) சலுகை இருக்கிறதே. நண்பர்கள் எந்த முறையில் இருக்கிறார்கள் என்று முதலில் கேளுங்கள்.

அசோக் நகரில் முப்பது வருஷப் பழைய ஃபிளாட், பெரும்பாக்கத்தில் புது ஃபிளாட். இரண்டும் ஏறக்குறைய ஒரே விலை. புதுசில் நீச்சல் குளம், ஜிம் எல்லாம் இருக்கிறது.

நீச்சல் குளத்தை மறந்துவிட்டு இரண்டு பத்திரத்திலும் யு.டி.எஸ். எவ்வளவு என்று பாருங்கள். அதாவது பிரிக்கப்படாத நிலப் பங்கு. கட்டடத்துக்கு வயசாகும், விலை ஏறுவது மண்ணுக்குத்தான். நாலு வீடு, ஆறு வீடு இருக்கும் பழைய கட்டடத்தில் இந்தப் பங்கு பெரிதாக இருக்கும். பதினைந்து மாடியில் கைக்குட்டை அளவுதான்.

பழைய வீட்டின் தொல்லைகள் வேறு. மொட்டை மாடி ஒழுகும், லிஃப்ட் இருக்காது, கட்டடத்தின் மிச்ச ஆயுளைப் பார்த்து வங்கி கடன் காலத்தைக் குறைக்கும். இடித்துக் கட்டும் பேச்சு வந்தால், 2022ஆம் ஆண்டு அடுக்குமாடிக் குடியிருப்பு உரிமைச் சட்டப்படி மூன்றில் இரண்டு பங்கு உரிமையாளர்கள் சம்மதித்தால் போதும். அந்த இரண்டு மூன்று வருஷம் நீங்கள் மறுபடி வாடகை வீட்டில்தான் இருப்பீர்கள் என்பது வேறு விஷயம்!

பெரும்பாக்கம் பக்கம் போகிறீர்கள் என்றால் பள்ளிக்கரணை சதுப்பு நிலத்தை மனசில் வையுங்கள். 2015 டிசம்பரிலும் 2023 மிக்ஜாம் புயலிலும் தண்ணீர் எங்கே நின்றது என்று அந்தத் தெரு இஸ்திரி கடைக்காரரைக் கேளுங்கள். பில்டரின் ஆள் சொல்ல மாட்டார்; இஸ்திரிக்காரர் தண்ணீர் ஏறிய கோட்டைச் சுவரில் காட்டுவார். முடிந்தால் நவம்பர் மாத மழையில் ஒருமுறை போய் நில்லுங்கள். கோடையில் தண்ணீர் லாரிக்கு மாதம் எவ்வளவு போகிறது என்று அசோசியேஷனிடம் கேட்கவும் மறக்காதீர்கள்.

கட்டிக்கொண்டிருக்கும் ஃபிளாட் மலிவாக வருகிறதே?

மலிவில் பாதியை ஜி.எஸ்.டி. தின்னும். சாதாரணமாக 5 சதவீதம். பணி நிறைவுச் சான்று வந்த பிறகு விற்கும் வீட்டுக்கு ஜி.எஸ்.டி. கிடையாது. கட்டி முடியும் வரை வாடகையும் வட்டியும் ஒரே சம்பளத்திலிருந்து போகும், அதைத் தாங்க முடியுமா பாருங்கள். தமிழ்நாடு ரெரா (ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையம்) இணையதளத்தில் திட்டத்தின் பதிவு எண்ணைப் போட்டு, முடிக்கிறேன் என்று சொன்ன தேதியைப் படித்த பிறகே முன்பணம் கொடுங்கள்.

வாடகையிலேயே இருக்க முடிவு செய்தோம். ஹவுஸ் ஓனர் பத்து மாத அட்வான்ஸ் கேட்கிறார்.

இது சென்னையின் பழைய நோய். 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த வாடகைச் சட்டப்படி, ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதிக்கொள்ளாத வரை மூன்று மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் கேட்கக் கூடாது. அந்த "எழுதிக்கொள்ளாத வரை" என்பதில்தான் ஓட்டை. ஆகவே கையெழுத்துக்கு முன்பே பேரம் பேசுங்கள். ஒப்பந்தத்தை வாடகை அதிகார அமைப்பில் பதிவு செய்யச் சொல்லுங்கள். காலி செய்யும்போது பெயின்டிங்குக்கு எவ்வளவு பிடிப்பார் என்பதையும் எழுத்தில் வாங்குங்கள். நான் கே.கே. நகர் வீட்டைக் காலி செய்தபோது இரண்டு மாத வாடகையைப் பெயின்டிங் என்று பிடித்தார்கள். அடுத்த குடித்தனம் வந்தபோதும் சுவரில் என் காலண்டர் ஆணி அப்படியே இருந்ததாம்.

வயது 41, தனியாக இருக்கிறேன். வேலை நிரந்தரம். ஒவ்வொரு முறையும் புரோக்கர் "ஃபேமிலிக்கு மட்டும்தான் மேடம்" என்கிறார். ஆறு வருஷத்தில் நாலு வீடு மாறிவிட்டேன்.

முதல் கடிதத்தின் கணக்கை நீங்கள் கிழித்துப் போடலாம். யார் வருகிறார்கள், எத்தனை மணிக்குத் திரும்புகிறீர்கள் என்று ஓனர் கேட்காமல் இருப்பதற்கும் ஒரு விலை உண்டு. அதை எந்தத் தாளிலும் எழுத முடியாது. வாங்குங்கள். பெரிய வீடு வேண்டாம். தவணை சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டாத ஒற்றைப் படுக்கையறை வீடு, ரயில் நிலையத்துக்கோ மெட்ரோவுக்கோ நடக்கும் தூரத்தில் பாருங்கள். கடன் காலம் 60 வயதுக்குள் முடியட்டும். பெண் பெயரில் பதிந்தால் பதிவுக் கட்டணத்தில் 1 சதவீதம் குறையும் என்று சொல்வார்கள். அது 10 லட்சம் வரையிலான சொத்துக்குத்தான். சென்னையில் அந்த விலைக்குக் கார் நிறுத்தும் இடம் கிடைத்தால் எனக்கும் சொல்லுங்கள். தாய்ப்பத்திரத்தையும் முப்பது வருஷ வில்லங்கச் சான்றையும் வங்கி வக்கீல் பார்ப்பார் என்று விட்டுவிடாமல், தனியாக ஒரு வக்கீலிடம் காட்டுங்கள். பதிவு முடிந்த அன்று வங்கிக் கணக்கில் ஆறு மாதத் தவணைக்கான பணம் மிச்சமிருக்க வேண்டும். இல்லையென்றால் இன்னும் ஒரு வருஷம் அந்தப் புரோக்கரைச் சகித்துக்கொள்ளுங்கள்.