விடுமுறை முடிந்து வந்த முதல் நாளே 300 உக்கி போடச் சொல்வது முறையான பயிற்சியா?

விடுதியில் தங்கிக் கபடி ஆடும் மகன் படியிறங்க முடியாமல் தவிக்கிறான் என்றும், கேட்டதற்குப் பயிற்சியாளர் “வலித்தால்தான் பலம் ஏறும்” என்றார் என்றும் எழுதியிருக்கிறீர்கள். பலம் அப்படி ஏறுவதில்லை. அதற்கு முன், அவனுடைய சிறுநீர் கடுங்காப்பி நிறத்தில் போகிறதா, தொடை வீங்கி விறைத்திருக்கிறதா என்று இப்போதே கேளுங்கள். இரண்டில் ஒன்று இருந்தாலும் மேற்கொண்டு படிக்காமல் மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். நான் மருத்துவர் அல்லன், ஆனால் இதை அருகிலிருந்து பார்த்தவன்.

நானும் விளையாட்டு விடுதியில் தங்கிக் கைப்பந்து ஆடியவன்தான். ஒவ்வொரு விடுமுறை முடிந்ததும் “வீட்டுச் சோற்றுக் கொழுப்பை” இறக்குவதற்கென்றே எங்கள் பயிற்சியாளர் முதல் நாள் மாலையை ஒதுக்கிவிடுவார். ஒருவன் தாமதமாக வந்தால் அனைவருக்கும் எண்ணிக்கை ஏறும். தண்ணீர்க் குடம் அவர் நாற்காலிக்குப் பின்னால் இருக்கும், கேட்பவன் சோம்பேறி. ஒருமுறை, ஊரில் காய்ச்சலில் கிடந்து எழுந்து வந்திருந்த என் அறைத்தோழனையும் விலக்கு அளிக்காமல் கடைசி உக்கிவரை போட வைத்தார். மறுநாள் கழிப்பறையில் உட்கார முடியாமல் சுவரைப் பிடித்து நின்றவன், சிறுநீர் பழுப்பாகப் போவதை என்னிடம் சொல்ல, நான் வார்டனிடம் சொன்னேன். அவர் “சூடு” என்று இளநீர் வாங்கிக் கொடுத்தார். அளவு மீறிய பயிற்சியால் சிதைந்த தசையிலிருந்து, மிகுந்தால் இதயத்துக்கே ஆபத்தான பொட்டாசியம் இரத்தத்தில் கலந்துகொண்டிருக்கும் வேளையில், பொட்டாசியம் மிகுந்த இளநீர்! அவன் தந்தை வந்து அரசு மருத்துவமனையில் சேர்த்த பிறகுதான், தசைச் சிதைவின் கழிவு சிறுநீரகத்தைத் தாக்கியிருப்பது தெரிந்தது. பிழைத்துக்கொண்டான், ஆனால் ஆட்டத்துக்குத் திரும்பவில்லை. விடுதிப் பதிவேட்டில் “சொந்தக் காரணத்தால் விலகல்” என்று எழுதினார்கள். அந்த வரியைத்தான் இன்றும் என்னால் பொறுக்க முடியவில்லை.

ஆசானைக் குறை சொல்கிறான் என்று சிலர் வரக்கூடும். என் சர்வீஸைத் திருத்தியவர் அவர்தான், மறுக்கவில்லை. அந்த முறையில்தான் வீரர்கள் உருவானார்கள் என்பவர்கள், பாதியில் வீட்டுக்குப் போனவர்களையும் சேர்த்து எண்ணட்டும்.

வசதியற்ற இடங்களில்தான் இப்படி நடக்கும் என்பதும் சரியன்று. அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகத்தில் 2011 ஜனவரியில், ஏறத்தாழ மூன்று வார இடைவெளிக்குப் பின் வந்த அமெரிக்கக் கால்பந்து வீரர்களை, அவரவர் தூக்கக்கூடிய உச்ச எடையில் பாதியைத் தோளில் ஏற்றி 100 முறை உட்கார்ந்து எழ (ஸ்குவாட்) வைத்ததில், 13 பேர் இதே தசைச் சிதைவுடன் மருத்துவமனையில் சேர்ந்தார்கள். 2017இல் ஆரிகன் பல்கலைக்கழகத்திலும், விடுமுறை முடிந்த கையோடு நடந்த கடும் பயிற்சிக்குப் பிறகு மூவர் சேர்க்கப்பட்டார்கள். கருவி, மருத்துவர், பணம் எதற்கும் அங்கே குறைவில்லை. ஓய்வில் இருந்த தசை முன்பு தாங்கிய சுமையை உடனே தாங்காது என்பதையும், 100, 300 போன்ற எண்களைத் தசையின் அளவு பார்த்து யாரும் வைப்பதில்லை, பையன் பணிகிறானா என்று பார்க்கவே வைக்கிறார்கள் என்பதையும் எந்தக் கருவியும் சொல்லித்தராது.

2019இல் அமெரிக்கப் பயிற்சியாளர் அமைப்புகள் இரண்டு கூட்டாக வெளியிட்ட வழிகாட்டுதல், இடைவெளிக்குப் பின் திரும்பும் வீரனுக்கு முதல் வாரப் பயிற்சியின் அளவைப் பாதியாகவும், அடுத்த வாரங்களில் முழு அளவிலிருந்து முறையே 30, 20, 10 விழுக்காடும் குறைக்கச் சொல்கிறது. இதற்குச் செலவு ஒன்றுமில்லை, ஒரு நோட்டுப் புத்தகம் போதும். அந்த நோட்டு இருக்கிறதா என்று பயிற்சியாளரிடம் கேளுங்கள். தனியாகப் போனால் மகனை அணியிலிருந்து எடுத்துவிடுவார் என்ற உங்கள் அச்சம் நியாயமானது. ஆகவே மற்ற பெற்றோரையும் சேர்த்துக்கொண்டு, வாய்மொழியாக விடாமல் விடுதி நிர்வாகத்துக்கு எழுத்தில் கொடுத்து ஒப்புகை வாங்கிக்கொள்ளுங்கள்.