படம் வரைய வராதவர்கள் ஃபேஷன், ஹோம் ஃபர்னிஷிங் மெர்ச்சண்டைசிங் படிக்கலாமா?

கேள்வி: கும்பகோணம் பக்கம் இருக்கிறோம். பிளஸ் டூ முடித்த மகள் ஃபேஷன், ஹோம் ஃபர்னிஷிங் மெர்ச்சண்டைசிங் படிக்க ஆசைப்படுகிறாள். வரைதல் வராது. சேர்க்கலாமா?

தாராளமாகச் சேருங்கள். வரைவது டிசைனர் பாடு. மெர்ச்சண்டைசர் என்பவர் பையர் (ஆர்டர் கொடுப்பவர்) கேட்ட சரக்கைச் சரியான துணியில், விலையில், நேரத்தில் செய்து வாங்கித் தருபவர். அவருக்கு வேண்டியது கணக்கும், துணியைத் தொட்டுப் பார்த்துச் சொல்லும் அறிவும், டையிங்காரர் போனை எடுக்கும் வரை விடாமல் கூப்பிடும் பொறுமையும்தான்.

கணக்கு எங்கே வருகிறது? ஹோம் ஃபர்னிஷிங் என்றால் டவல், திரைச்சீலை போன்ற வீட்டுத் துணிகள். அதில் கரூரில் தினமும் தைக்கும் கிச்சன் டவலையே எடுப்போம். முடிந்த அளவு 50 × 70 செ.மீ. நாலு பக்கமும் 1 செ.மீ. இரட்டை மடிப்பு என்றால் பக்கத்துக்கு 2 செ.மீ. சேரும், வெட்டும் அளவு 54 × 74. துணி அகலம் 160, கரை போக 158. அகலவாக்கில் 54 வைத்தால் இரண்டு துண்டுதான் வரும், 50 செ.மீ. வீண், ஒரு டவலுக்கு 37 செ.மீ. துணி போகிறது. திருப்பி 74 வைத்தால் 27 செ.மீ. போதும். ஆனால் பாவில் (நீளவாக்கு நூலில்) கோடு ஓடும் துணியைத் திருப்பினால் கோடு டவலின் குறுக்கே விழும். பையர் நெட்டுக்கோடு கேட்டிருந்தால் மொத்தமும் ரிஜெக்ட்.

விவரம் தெரிந்தவர் பாவு ஓட்டுவதற்கு முன்பே 165 செ.மீ. அகலம் கேட்பார். கரை போக 163, மூன்று 54 சேர்ந்தால் 162. கோடும் நேராக நிற்கும், டவலுக்கு 24.7 செ.மீ.தான். 10,000 டவலுக்கு 3,700 மீட்டர் வாங்க வேண்டிய இடத்தில் 2,467 மீட்டர். அகலம் கூடுவதால் மீட்டர் விலை கொஞ்சம் ஏறும், அது பெரிதில்லை. கையிருப்பு 1 செ.மீ. மட்டும் என்பதுதான் ஆபத்து: ஃபினிஷிங்கில் (நெய்த துணியை அலசிப் பதப்படுத்தும்போது) அதற்கு மேல் சுருங்கினால் மூன்றாவது துண்டு போச்சு. அதனால் பி.ஓ.வில் (கொள்முதல் ஆர்டரில்) ‘ஃபினிஷ் ஆன பிறகு 165’ என்று எழுத வேண்டும். ‘165’ என்று மட்டும் எழுதினால் தறியில் அளந்த அகலத்தைக் காட்டிச் சண்டை வரும்.

ஜிஎஸ்எம்மும் (ஒரு சதுர மீட்டர் துணியின் எடை, கிராமில்) இப்படித்தான். அங்குலத்துக்கு 60 பாவு இழை, 56 ஊடை (குறுக்கு) இழை, இரண்டும் 20-ஆம் நம்பர் நூல் (நம்பர் நூலின் பருமனைச் சொல்லும்) என்றால்: 60/20 + 56/20 = 5.8, அதை அங்குலக் கணக்கைக் கிராமுக்கு மாற்றும் 25.6-ஆல் பெருக்கினால் சுமார் 148. பையர் 180 கேட்கும்போது இந்தத் துணிக்கு விலை சொல்வது வீண் வேலை.

நிறத்தில் பிள்ளைகள் அதிகம் சறுக்குவார்கள். லாப் டிப்பை (லேபில் சாயம் போட்ட மாதிரித் துண்டை) ஜன்னல் வெளிச்சத்தில் பார்த்து ஓகே சொன்னால், பையரின் கடை விளக்கில் அது வேறு நிறமாகத் தெரியலாம். லைட் பாக்ஸில் (விளக்கை மாற்றி நிறம் பார்க்கும் பெட்டியில்) டி65 (பகல் வெளிச்சம்), டிஎல்84 (கடை விளக்கு) இரண்டிலும் பார்த்தே அனுப்ப வேண்டும்.

கடைப் பக்கம் வேலை என்றால் வேறு கணக்கு. 600-க்கு வாங்கி 1,000-க்கு விற்றால் மார்ஜின் (விற்ற விலையில் லாபம்) 40 சதவீதம், மார்க்-அப் (வாங்கிய விலையில் லாபம்) 66.7. இரண்டையும் குழப்பி விலை போட்டால் ஆடித் தள்ளுபடியில் கை கடிக்கும். டெல்டாவில் கொள்முதல் திட்டம் போட, தீபாவளியோடு சம்பா அறுவடையும் தை முகூர்த்தமும் தெரிந்திருக்க வேண்டும். மார்கழியில் கல்யாணப் புடவை ஸ்டாக்கைப் பார்த்துப் பயப்படக் கூடாது.

படிப்பைப் பொறுத்தவரை பெயரைப் பார்த்து ஏமாறாதீர்கள். பல பி.எஸ்சி. ஃபேஷன் படிப்புகளில் மெர்ச்சண்டைசிங்குக்கு ஓரிரு தாள்தான், ஹோம் ஃபர்னிஷிங்குக்கு அதைவிடக் குறைவு. சிலபஸை வாங்கிப் பார்த்து காஸ்டிங், டெக்ஸ்டைல் டெஸ்டிங், ரீட்டெய்ல் பையிங் மூன்றும் இருக்கின்றனவா என்று பாருங்கள். லேபில் ஜிஎஸ்எம் கட்டரும் (எடை பார்க்கத் துணியை வட்டமாக வெட்டும் கருவி) லைட் பாக்ஸும் இருந்தால் மட்டும் போதாது, பூட்டு திறக்கிறார்களா என்று மாணவிகளிடமே கேளுங்கள். சென்னை நிஃப்ட்டில் (தேசிய ஃபேஷன் தொழில்நுட்பக் கழகத்தில்) பி.எஃப்.டெக் (ஃபேஷன் டெக்னாலஜி பட்டம்) சேரப் பிளஸ் டூவில் கணக்கு எடுத்திருக்க வேண்டும். எடுக்கவில்லை என்றாலும் வழி அடைபடவில்லை: ஏதாவது ஒரு பட்டம் முடித்துவிட்டு எம்.எஃப்.எம். (ஃபேஷன் மேனேஜ்மென்ட் முதுகலை) நுழைவுத் தேர்வு எழுதலாம்.

இன்டர்ன்ஷிப்புக்குக் கரூர் எக்ஸ்போர்ட் கம்பெனியையே கேளுங்கள். ஷோரூமில் உட்கார வைத்தால் மறுத்துவிட்டு, சாம்பிள் செக்‌ஷனில் இடம் கேட்கச் சொல்லுங்கள். நடுவில் ஒரு நாள் பட்டு நெய்யும் திருபுவனத்துக்கும் போய்வரட்டும். பட்டுப் புடவையை விசிறி மடிப்பில் மடித்துக் காட்டுவதும் மெர்ச்சண்டைசிங்தான், அதைப் புத்தகத்தில் படிக்க முடியாது.