சேலம் மாதிரி கடல் இல்லாத ஊரில் வீட்டுத் தொட்டியில் கடல் சாமந்தியை உயிரோடு வைத்திருக்க முடியுமா?

முடியும். கடல் சாமந்தி (சீ அனிமோன்) என்பது பூ மாதிரி விரிந்திருக்கும் ஒரு கடல் விலங்கு. சேலம் குகைப் பகுதியில், வாடகை வீட்டு ஹாலில், மூன்றடித் தொட்டியில் எனக்கு நாலாவது வருஷம் ஓடுகிறது. பபுள் டிப் வகை, கைகளின் நுனி குமிழ் மாதிரி உப்பியிருக்கும். போன ஐப்பசியில் அது தானாகவே இரண்டாகப் பிரிந்து இப்போது இரண்டு இருக்கின்றன.

"மூன்று மாதத்தில் சுருங்கிவிட்டது, வாய் திறந்தே கிடக்கிறது, கடல் காற்று இல்லாததால்தானா" என்று கேட்டிருக்கிறீர்கள். அதுக்குக் கடல் காற்று எதற்கு? தண்ணீர்தான் எல்லாம். உப்பு, சூடு, வெளிச்சம் இதையெல்லாம் இந்நேரம் நீங்கள் பத்து முறை பார்த்திருப்பீர்கள். அதனால் சுருக்கமாகவே சொல்கிறேன். உப்படர்த்தி 1.025, சூடு 25, 26 டிகிரி, அம்மோனியா பூஜ்யம். தொட்டி ஓட ஆரம்பித்து ஆறு மாதமாவது ஆகியிருக்க வேண்டும். அதன் உடம்புக்குள் குடியிருக்கும் நுண்பாசிதான் அதன் சாப்பாட்டில் பெரும்பங்கைப் போடுகிறது, அந்தப் பாசிக்கு நல்ல வெளிச்சம் வேண்டும். பழுப்பு நிறமாக இருந்தால் பாசி இருக்கிறது. வெள்ளை வெளேரென்று அழகாக இருந்தால் பாசியை இழந்து பட்டினி கிடக்கிறது என்று அர்த்தம், கடையில் அதை வாங்காதீர்கள். தண்ணீரை அலை மாதிரி ஓட்டும் விசிறிக்கு (வேவ்மேக்கர்) கட்டாயம் ஸ்பாஞ்ச் உறை போடுங்கள். சாமந்தி இடம் பிடிக்கவில்லை என்றால் ராத்திரியில் நகரும், விசிறியில் சிக்கினால் கூழாகிவிடும்.

இதெல்லாம் சரியாக இருந்தும் என் முதல் சாமந்தி செத்தது. அதைச் சொல்லத்தான் எழுத உட்கார்ந்தேன்.

செவ்வாய்ப்பேட்டையில் ஒரு மண்டியில் கணக்கு எழுதுகிறேன். காலையில் எட்டரைக்குக் கிளம்பினால் ராத்திரி ஒன்பதாகும். பகலில் தொட்டியைப் பார்ப்பது அம்மாதான். சித்திரை பிறந்ததும் ஹாலில் 36 டிகிரி. தண்ணீரைக் குளிரவைக்கும் சில்லர் வாங்க வழியில்லை, தொட்டி மேல் ஒரு சின்ன ஃபேனைக் கட்டிவிட்டேன். காற்று பட்டால் தண்ணீர் ஆவியாகும், அதில் சூடு இறங்கும். ஆனால் தினம் இரண்டரை லிட்டர் குறையும். உப்பு தொட்டியிலேயே தங்கிவிடுவதால் குறைந்ததை நல்ல தண்ணீரால்தான் நிரப்ப வேண்டும். எங்கள் போர் தண்ணீரில் டிடிஎஸ் (கரைந்திருக்கும் உப்புகளின் அளவு) ஆயிரத்துக்கு மேல், அதனால் ஆர்ஓ தண்ணீர். "தினமும் காலையில் கோடு வரைக்கும் ஊத்துங்கம்மா" என்று சொல்லியிருந்தேன். அவரும் ஒரு நாள் தவறாமல் ஊற்றினார்.

வைகாசி நடுவில் நத்தைகள் கண்ணாடியிலிருந்து ஒவ்வொன்றாக விழுந்தன. பிறகு இறால். பிறகு சாமந்தி சுருங்கி, வாய் பிளந்து, பாதம் பாறையை விட்டுவிட்டது. கோமாளி மீன்கள் இரண்டும் மட்டும் ஒன்றுமே நடக்காத மாதிரி தின்றுகொண்டிருந்தன. ஒரு வாரம் உப்பையும் நைட்ரேட்டையும் அளந்துகொண்டே இருந்தேன். மீனுக்கு ஒன்றும் ஆகாமல் முதுகெலும்பில்லாத உயிர்கள் மட்டும் ஏன் சாகின்றன என்ற கேள்வி ஒரு ஞாயிற்றுக்கிழமைதான் உறைத்தது. அதற்கு முதலில் சந்தேகப்பட வேண்டியது செம்பு, அதாவது தாமிர உலோகம். மீனுக்கு வெண்புள்ளி நோய் வந்தால் செம்பு மருந்து போடுவது உண்டு, மீன் தாங்கும் அந்த அளவே நத்தையையும் சாமந்தியையும் கொன்றுவிடும்.

செம்புக்கான டெஸ்ட் கிட் வரவழைத்துப் பார்த்தேன். நிறமே வரக்கூடாத குழாயில் நிறம் ஏறியது. எங்கிருந்து வந்தது என்று சமையலறைக்குப் போனேன். அங்கே செம்புக் குடம். செம்புத் தண்ணீர் உடம்புக்கு நல்லது என்று அம்மா ஆர்ஓ தண்ணீரை ராத்திரியே அதில் பிடித்து வைப்பார். புளி போட்டு விளக்கிப் பளபளவென்று வைத்திருப்பார். காலையில் குடும்பத்துக்கும் அதிலிருந்துதான், தொட்டிக்கும் அதிலிருந்துதான். "நல்ல தண்ணியா இருக்கட்டும்னுதாண்டா ஊத்துனேன்" என்றார். தண்ணீர் ஆவியாகப் போனது, செம்பு போகவில்லை, இரண்டு மாதமாகச் சேர்ந்துகொண்டே இருந்தது.

செம்புத் தண்ணீர் குடிப்பது கெடுதல் என்று நான் எழுதவில்லை. சித்த மருத்துவத்தை இழுத்துக்கொண்டு யாரும் கருத்துப் பெட்டிக்கு வர வேண்டாம். எங்கள் வீட்டில் இன்றைக்கும் அதைத்தான் குடிக்கிறோம். அம்மாவைக் குறை சொல்வதற்கும் இதை எழுதவில்லை, எந்தத் தண்ணீர் என்று நான்தான் சொல்லாமல் விட்டேன்.

சாமந்தி மூன்றாம் நாள் போய்விட்டது. உடனே எடுத்துவிட்டேன், அழுக விட்டால் மீனும் போகும். பாறையும் மணலும் செம்பை இழுத்து வைத்துக்கொண்டு மெல்ல விடும் என்பதால் இரண்டையும் கொட்டிவிட்டு முதலிலிருந்து ஆரம்பித்தேன். எட்டு மாதம் காத்திருந்துதான் அடுத்ததை வைத்தேன். அது சென்னையில் ஒருவர் தொட்டியில் பிரிந்த குட்டி, கடலிலிருந்து பிய்த்தது அல்ல. "உயிரை ஏன் அடைக்கிறாய்" என்று கேட்பவர்களுக்கும் இதுவே பதில்.

      

சாமந்தி தானாகச் சீக்கிரம் சாகிற உயிர் என்று கடைக்காரர் உங்களிடமும் சொல்லியிருப்பார். நம்பாதீர்கள். ஸ்காட்லாந்தில் ஜான் டாலியெல் என்பவர் 1828-ல் கடற்கரையிலிருந்து ஒன்றை எடுத்து வந்து கண்ணாடி ஜாடியில் வைத்தார். 1851-ல் அவர் இறந்த பிறகும் அது கை மாறி கை மாறி 1887 வரை வாழ்ந்தது. அதற்குப் பெயரே 'பாட்டி'. அது வேறு வகை, குளிர்க்கடல் வகை, தெரியும். ஆனாலும் ஒரு ஜாடிக்குள் ஐம்பத்தொன்பது வருஷம். இந்தக் கதையைச் சொன்னதிலிருந்து அம்மா எங்கள் தொட்டியில் இருப்பதையும் பாட்டி என்றுதான் கூப்பிடுகிறார். நிரப்புகிற தண்ணீருக்கென்று மூடி போட்ட பிளாஸ்டிக் கேன் ஒன்றை அவரே தனியாக வைத்திருக்கிறார், வேறு யாரையும் தொட விடுவதில்லை.

உங்கள் தொட்டிக்குத் தண்ணீர் எந்தப் பாத்திரத்திலிருந்து வருகிறது, வழியில் பித்தளைக் குழாய் இருக்கிறதா, பழைய தொட்டி என்றால் முன்பு அதில் செம்பு மருந்து போட்டார்களா, மீனோடு வந்த கடைத் தண்ணீரையும் சேர்த்து ஊற்றினீர்களா என்று பாருங்கள். இன்னொன்று, நத்தைகள் வைத்திருந்தீர்களா? அவை எப்போது விழுந்தன?