கேக் மேல தங்கப்பொடி போடலாமா?

கேள்வி: அக்கா, தீபாவளிக்கு சொந்தக்காரங்க எல்லாரும் எங்க வீட்டுக்குத்தான் வராங்க, ஃபாண்டன்ல, அதான் கேக் அலங்காரத்துக்கு உள்ள சக்கரை மாவுல, தாமரைப்பூ செஞ்சு கேக் மேல வச்சு தங்கக்கலர் பொடி பூசலாம்னு இருக்கேன். ஆன்லைன்ல வாங்கின டப்பால "நோன் டொக்சிக்" (விஷமில்லை)னு மட்டும் இருக்கு, வீட்ல இருக்குற பழைய டப்பால ஈ171னு இருக்கு. எதைப் போடலாம்? தண்ணில கலந்து பூசிப் பாத்தா வேற திட்டுத்திட்டா பிசுபிசுன்னு ஆயிடுது.
- வாசகி, செந்த் ஆந்த்ரே, ரீயூனியன்

பதில்: ரெண்டுமே வேணாம் தங்கச்சி. நோன் டொக்சிக்னு மட்டும் போட்ட பொடி காகிதப்பூ, மெழுகுவர்த்தி அலங்காரத்துக்கு உள்ளதா கூட இருக்கலாம், சாப்பிடுறதுக்குன்னு யாரும் உத்தரவாதம் தரல. அமெரிக்கால ரோட் ஐலண்ட்ல 2018ல பிறந்தநாள் கேக்ல ரோஸ் கோல்ட் பொடி போட்டு, அதைச் சாப்பிட்ட 1 வயசுலேர்ந்து 11 வயசு வரைக்கும் உள்ள 6 பிள்ளைங்களுக்கு வாந்தி பேதி, சோதிச்சா அது செம்புத்தூள். அடுத்த வருஷமே மிசூரில 1 வயசுக் குழந்தை ரத்தத்துல ஈயம், கேக்ல போட்ட மஞ்சள் பொடில 25 சதவீதம் ஈயம் இருந்திருக்கு. ஈயம் பிள்ளைங்க மூளையைத் தாக்கும், இவ்ளோ வரைக்கும் பரவால்லன்னு ஒரு அளவே கிடையாது. நாலு பேரு போட்டோ எடுக்குற பளபளப்புக்காக இதை பிள்ளைங்க தட்டுல வைக்கவே கூடாது, இதுல நான் கொஞ்சம் கூட விட்டுக்கொடுக்க மாட்டேன்.

ஈ171ன்றது டைட்டானியம் டை ஆக்சைடு. பிரான்ஸ்ல 2020 ஜனவரி 1லேர்ந்தே சாப்பாட்டுல தடை, 2022ல ஐரோப்பிய யூனியன் முழுக்க தடை வந்துச்சு, நம்ம தீவும் பிரான்ஸ்தான்றதால நமக்கும் அதே சட்டம்தான், அதனால பழைய டப்பாவ குப்பைல போட்டுடுங்க. புதுசா வாங்கும்போது "அலிமான்தேர்" (சாப்பாட்டுக்கு உள்ளது)னு இருக்கான்னு பாருங்க, அதோட நிக்காம என்னென்ன சேத்திருக்காங்கன்ற லிஸ்ட்டையும் படிங்க. ஈ555ன்னா மைக்கா, அதுதான் மினுக்கும், ஈ172 இரும்பு ஆக்சைடு, தங்கம் வெண்கலம் மாதிரி கலரெல்லாம் அதுல வரும், ஈ175 நெஜத் தங்கமே. லிஸ்ட்டே இல்லாத டப்பா எவ்ளோ சீப்பா கிடைச்சாலும் வேணாம்.

தண்ணி பட்டா ஃபாண்டன்ல உள்ள சக்கரை கரையும், திட்டு வர்றது அதனாலதான். பூவை நல்லா காய விட்டு, பொடில வெள்ளை ரம் சில சொட்டு மட்டும் விட்டு பெயிண்ட் பதத்துக்கு குழைச்சு மெல்லிசா பூசுங்க, ரம் சீக்கிரம் ஆவியாயிடும். ரம் வேணாம்னா காஞ்ச பிரஷ்ல பொடிய தொட்டு தடவினாலும் மென்மையா மினுக்கும். பூசினப்புறம் ஃபிரிட்ஜ்ல வைக்காதீங்க, தீபாவளி சமயத்துல நமக்கு வெயில் ஏறிட்டே போகும், வெளிய எடுத்ததும் மேல வேர்த்து எல்லாம் ஒழுகிடும்.

கேள்வி: காவடிக்கு கரேம் (சைவ விரதம்) இருக்கோம், அது முடியுறதுக்குள்ள பிள்ளைக்கு பிறந்தநாள் வருது. ரோஸ் கலர் மினுக்குப்பொடி சைவம்தானா?
- வாசகர், சேன் போல்

பதில்: ஈ120ன்னு இருந்தா சைவம் இல்லைங்க, அது கொச்சினீல்ன்ற பூச்சிலேர்ந்து எடுக்குற சாயம், ரோஸ் சிவப்பு பொடிங்கள்ல அடிக்கடி வரும். பீட்ரூட் கலர் ஈ162, அது சரி. ஃபாண்டன் வாங்கினா மிருகத்தோட தோல், எலும்புலேர்ந்து எடுக்குற ஜெலட்டின் இருக்கான்னும் பாத்துக்கோங்க, இல்லாததும் கடைல கிடைக்கும், மேல சொன்ன ரம்முக்கு பதிலா காஞ்ச பிரஷ்லயே பூசிடுங்க.