கணினி கேள்வி-பதில்: அறையை விடக் குளிர்ந்த பிராசசரா?

கேள்வி: ரைசன் 7 1700எக்ஸ் பிராசசர் உள்ள என் கணினியின் வெப்பநிலையை ஒரு மென்பொருள் 58 டிகிரி என்றும், மற்றொன்று 38 டிகிரி என்றும் காட்டுகின்றன, 'ஆக்ஸ்டின்' என்ற வரியில் 127 டிகிரி நிற்கிறது. அலுவலகத்திலுள்ள பழைய இன்டெல் கோர் 2 டுவோ கணினியோ, 31 டிகிரி அறையில் 24 டிகிரி காட்டுகிறது. மதர்போர்டுகள் பழுதா?

பதில்: பழுதில்லை. 1700எக்ஸ், 1800எக்ஸ் ஆகிய இரண்டிலும் உண்மையான வெப்பநிலையுடன் 20 டிகிரியைக் கூட்டியே பிராசசர் தெரிவிக்குமாறு, ரைசனைத் தயாரிக்கும் ஏஎம்டி நிறுவனம் அமைத்திருந்தது. வெவ்வேறு ரைசன் பிராசசர்களுக்கும் மதர்போர்டின் விசிறிக் கட்டுப்பாடு ஒரே சீராக இயங்க வேண்டும் என்பதே அதன் நோக்கம். அந்த 20 டிகிரியைக் கழித்துக் காட்டும் மென்பொருளே உங்களுக்கு 38 என்கிறது, அதையே கொள்ளுங்கள். 2700எக்ஸில் இந்தக் கூட்டல் 10 டிகிரி. சாதாரண 1700-இல் கூட்டலே கிடையாது.

127 என்பது வெப்பமே அன்று. மதர்போர்டின் கண்காணிப்புச் சிப்பில் சென்சார் எதுவும் இணைக்கப்படாத முனையை மென்பொருள் படிக்கும்போது, கூட்டல்-கழித்தல் குறியுடன் எட்டு பிட்டில் அடங்கும் உச்ச எண் அப்படியே வந்து நிற்கிறது. அந்த வரியை மறைத்துவிடலாம்.

அலுவலகக் கணினியின் 24 டிகிரிதான் சுவையான சிக்கல். காற்றால் குளிரும் பிராசசர் அறையை விடக் குளிர்ந்திருக்க வழியில்லை. இன்டெல் பிராசசருக்குள் இருக்கும் சென்சார் வெப்பநிலையை நேரடியாகச் சொல்வதில்லை. பிராசசருக்கு அனுமதிக்கப்பட்ட உச்ச வெப்ப வரம்பை எட்ட இன்னும் எத்தனை டிகிரி மீதி என்பதை மட்டுமே சொல்கிறது. அந்த வரம்பிலிருந்து மீதியைக் கழித்து மென்பொருள் விடை காண்கிறது. கோர் 2 டுவோ வந்த புதிதில் வரம்பை இன்டெல் வெளியிடாததால், மென்பொருள் எழுதியவர்கள் 85 என்றும் 95 என்றும் 105 என்றும் ஊகித்தே போட்டார்கள். ஊகம் பத்து டிகிரி பிசகினால் விடையும் பத்து டிகிரி பிசகும். தவிரவும், அந்தச் சென்சார்கள் உச்ச வரம்பை நெருங்கும்போது துல்லியமாக இருக்கும்படி அமைக்கப்பட்டவை. கணினி சும்மா இருக்கும்போது அவை காட்டும் எண்ணைப் பெரிதாக நம்ப வேண்டாம், சில பிராசசர்களில் அது ஓர் எண்ணிலேயே ஒட்டிக்கொண்டு கீழே இறங்காது.

ஆகவே, வேலைப்பளு கொடுத்துப் பாருங்கள். எண் படிப்படியாக ஏறி, வேகம் குறையாமல் ஓரிடத்தில் நிலைத்தால் கவலையில்லை. சில நொடிகளிலேயே வரம்பைத் தொட்டு வேகம் சரிந்தால், பிராசசரின் வெப்பத்தை வெளியேற்றும் ஹீட்சிங்க் சரியாக அமர்ந்திருக்கிறதா, இரண்டுக்கும் இடையே பூசப்படும் தெர்மல் பேஸ்ட் காய்ந்துவிட்டதா என்று கழற்றிப் பார்க்க வேண்டும்.