கணினிக் கேள்வி-பதில்: நட்சத்திரம் (*) போட்டால் தேடல் திணறும்

கேள்வி: வாகன உதிரிபாக மொத்த விற்பனை செய்கிறோம். எங்கள் இணையதளத்தில் 40 லட்சம் பாகங்கள் இருக்கின்றன. தேடலுக்கு எலாஸ்டிக்சர்ச் என்ற மென்பொருள், 4 கோர், 16 ஜிபி ரேம், இன்டெக்ஸ் (தேடலுக்கான அட்டவணை) 6 ஜிபி. மெக்கானிக்குகள் பாக எண்ணின் நடுவிலோ கடைசியிலோ உள்ள நாலு இலக்கத்தை மட்டும் அடித்துத் தேடுகிறார்கள். கூட்டம் கூடும் 11 மணிக்கு மேல் 4 நொடி ஆகிறது. ரேமை 32 ஜிபி ஆக்கலாமா?
- வாசகர், சிம்மக்கல், மதுரை

பதில்: இப்போதைக்கு வேண்டாம். ஹீப்புக்கு (எலாஸ்டிக்சர்ச் தனக்கென ஒதுக்கும் ரேம்) 8 ஜிபி போனாலும் மீதியில் 6 ஜிபி இன்டெக்ஸ் ஏறக்குறைய முழுதாக ஃபைல் கேஷில் (கோப்புகளை ரேமில் வைத்துக்கொள்ளும் இடம்) அடங்கும். ஹீப்பை அதற்கு மேல் ஏற்றியிருந்தால் உடனே குறையுங்கள்.

முதலில் தேடல் பதிலோடு வரும் 'டுக்' (took) எண்ணைப் பாருங்கள். அது சர்வருக்குள் ஆன நேரம், மில்லிசெகண்டில். டுக் 80 காட்டியும் பக்கம் வர 4 நொடி ஆனால், கோளாறு நெட்வொர்க்கிலோ உங்கள் புரோகிராமிலோதான். டுக்கே 4000 என்றால் ஸ்லோ லாக்கை (தாமதமான தேடல்களைக் குறித்துவைக்கும் பதிவு) போடுங்கள். நாமாகப் போடாதவரை அது அணைந்தே கிடக்கும். வரம்பு 500 மில்லிசெகண்ட் போதும், ரீஸ்டார்ட் வேண்டாம். சிக்கும் குவெரியை (தேடல் கோரிக்கை) ப்ரொஃபைல் வசதியோடு ஒருமுறை ஓட்டினால் எந்தப் பகுதி நேரத்தைத் தின்கிறது என்று தெரியும். ப்ரொஃபைலே ஒரு சுமை என்பதால் லைவில் விட்டுவிடாதீர்கள்.

பெரும்பாலும் சிக்கப்போவது '*4521*' மாதிரியான வைல்ட்கார்டு: நட்சத்திரம் உள்ள இடத்தில் எதுவும் இருக்கலாம். இன்டெக்ஸில் சொற்கள் அகரவரிசையில் அடுக்கியிருக்கின்றன. முன்னால் நட்சத்திரம் வந்தால் தொடக்கம் தெரியாது. 40 லட்சம் எண்களையும் ஒவ்வொன்றாகப் பார்த்தாக வேண்டும். 4 கோரில் தேடலுக்கு 7 த்ரெட்தான் (ஒரே நேரத்தில் வேலை பார்க்கும் இழைகள்). அவற்றை இந்தக் குவெரிகள் பிடித்துக்கொண்டால் சாதாரணத் தேடலும் வரிசையில் நிற்கும். 11 மணிச் சிக்கல் அதுதான்.

நட்சத்திரத்துக்குப் பதிலாக, பாக எண்ணை என்-கிராம் டோக்கனைசரால் (எழுத்தைத் துண்டாக்கும் கருவி) மூன்று மூன்று எழுத்தாக வெட்டிச் சேமியுங்கள்: குறைந்தது 3, அதிகம் 3. அதற்கு முன் கேரக்டர் ஃபில்டரில் (எழுத்துகளைச் சலிக்கும் படி) கோடு, இடைவெளி இரண்டையும் நீக்கிவிடுங்கள். ஆளுக்கு ஒரு மாதிரி அடிப்பார்கள். தேடும்போது மேட்ச் ஃபிரேஸ் (துண்டுகள் அதே வரிசையில் அடுத்தடுத்து இருந்தால்தான் பொருந்தும் முறை) பயன்படுத்துங்கள். வெறும் மேட்ச் என்றால் '452', '521' இரண்டில் ஏதாவது ஒன்று இருந்தாலே வந்து குவியும். என்-கிராமின் டோக்கன் ஃபில்டர் வடிவத்தை எடுக்காதீர்கள்: அது எல்லாத் துண்டுக்கும் ஒரே இட எண் கொடுப்பதால் ஃபிரேஸ் வேலை செய்யாது. இரண்டு எழுத்துத் தேடலுக்கு முடிவே வராது. தேடல் பெட்டியிலேயே 'குறைந்தது 3 எழுத்து' என்று போடுங்கள்.

இருக்கிற ஃபீல்டின் அனலைசரை (எழுத்தை வெட்டும் அமைப்பு) மாற்ற முடியாது. புது இன்டெக்ஸ் உண்டாக்கி, தரவை அதற்கு ரீஇன்டெக்ஸ் செய்து, அலியாஸை (இன்டெக்ஸின் மாற்றுப் பெயர்) அதன் பக்கம் திருப்புங்கள். கடையை மூட வேண்டியதில்லை. கம்பெனி, வண்டி மாடல், இருப்பு நிபந்தனைகளை ஃபில்டருக்குள் தள்ளுங்கள்: மதிப்பெண் கணக்கு மிச்சம், கேஷும் ஆகும். துண்டுகளால் இன்டெக்ஸ் பருக்கும். பருத்த அளவைப் பார்த்தபின் ரேமைப் பற்றி யோசிக்கலாம்.

கேள்வி: எலாஸ்டிக்சர்ச் தேடல் முடிவுகளில் 500-வது பக்கம் தாண்டினால் பிழை வருகிறது. வரம்பைக் கூட்டலாமா?
- வாசகி, திருமங்கலம்

பதில்: கூட்டாதீர்கள். பக்கத்துக்கு 20 என்றால் 500-வது பக்கத்துக்கு ஒவ்வொரு ஷார்டும் (இன்டெக்ஸின் ஒரு பகுதி) 10,000 முடிவுகளை வரிசைப்படுத்தித் தர வேண்டும். அந்தச் சுமைக்காகத்தான் 10,000 வரம்பே. 'சர்ச் ஆஃப்டர்' முறைக்கு மாறி, கடைசி முடிவின் சார்ட் (வரிசைப்படுத்தும்) மதிப்பைக் கொடுத்து அடுத்த 20-ஐ மட்டும் கேளுங்கள்.